ஒரு பக்கம் மட்டும் இருந்த மலை

2011-ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் டெட்ரேவ் மலைமேல் ஏறிப்போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. யாரும் சாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் நலமாக, கொஞ்சம் முழங்கால் வலியோடு, மலைக்கு அந்தப் பக்கம் பசேகி ஊரில் உட்கார்ந்து பொரித்த பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கார்கள் மட்டும் இந்தப் பக்கம் எங்கள் யெட்லோவாவில், தேவாலயத்துக்கு எதிரே, எஜமானைக் காணாத நாய்களைப்போல வரிசையாக நின்றன.

இதற்குக் காரணமானவர் போஹுமில் வோந்த்ரா. நல்ல மனிதர். எங்கள் வட்டாரத்தில் பெரிய குழப்பங்களையெல்லாம் நல்ல மனிதர்கள்தான் செய்திருக்கிறார்கள். கெட்டவர்களுக்கு அவ்வளவு உழைப்பு கிடையாது.

போஹுமிலைப் பற்றிச் சொல்வதற்குமுன் மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஷுமாவா மலைத்தொடரில் டெட்ரேவ் ஒன்றும் பிரமாதமான மலை இல்லை. ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர். ஆல்ப்ஸ் மாதிரி மூக்கை நீட்டி அலட்டிக்கொள்ளாது. கோடிக்கணக்கான ஆண்டு மழையில் நனைந்து நனைந்து தோள் தொங்கிப்போன கிழட்டு மலை. அடியிலிருந்து உச்சிவரை ஊசியிலைக் காடு. எங்கள் பக்கத்திலிருந்து எட்டு கிலோமீட்டர், மாடு படுத்திருப்பதுபோல மெல்ல மெல்ல ஏறும். நடுவில் சதுப்பு, அதன்மேல் பலகை போட்டிருக்கும். உச்சி தாண்டியதும் பசேகி பக்கம் சட்டென்று விழும். ஆறு கிலோமீட்டரும் உருண்டைப் பாறைகள்.

ஆகவே யெட்லோவாக்காரனைக் கேட்டால் டெட்ரேவ் ஒரு மாடு என்பான். பசேகிக்காரனைக் கேட்டால் அது ஒரு சுவர் என்பான். இரண்டு ஊரும் இருநூறு ஆண்டுகளாக இந்த ஒரு விஷயத்தில் ஒன்றையொன்று முட்டாள் என்று கருதிவருகின்றன. மழைகூட நடுநிலை வகிப்பதில்லை. மேற்கேயிருந்து வரும் மேகம் பசேகியின் தலையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரைப்போல மிச்சத் தூறலை எங்களுக்கு அனுப்பிவைக்கும். அதை எங்கள் மேன்மைக்குச் சான்றாக நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

இந்த இரண்டு ஊரையும் இணைப்பது மலைமேல் போகும் நீலப்பாதை. பதினான்கு கிலோமீட்டர். மரத்துக்கு மரம் வெள்ளை, நீலம், வெள்ளை என்று மூன்று கோடு, உள்ளங்கையளவு சதுரமாகத் தீட்டியிருக்கும். காட்டுக்குள் போகும்போது நாங்கள் சூரியனைப் பார்ப்பதில்லை, வரைபடத்தைப் பார்ப்பதில்லை, அடையாளத்தைத்தான் பார்ப்போம். அடையாளம் சொன்னால் வேலிக்குள் நுழைவோம். ஓடையில் இறங்குவோம். அடுத்தவர் கோழிக்கூட்டுக்கு நடுவே புகுந்து, கடலைக் கண்டிராத நாங்கள் கப்பல்காரர்கள்போல "அஹோய்" என்று வணக்கம் சொல்லிவிட்டு நடப்போம். அடையாளம் இல்லையென்றால், சொந்த வீடு கண்ணெதிரே தெரிந்தாலும் நின்றுவிடுவோம். எங்கள் நாட்டில் எத்தனையோ ஆட்சிகள் வந்துபோயின, பக்கத்து நாட்டுப் படைகளும் வந்துபோயின. அவர்களில் யாரையும் நாங்கள் இந்த அளவுக்கு நம்பியதில்லை.

அந்த நம்பிக்கைக்குரிய நீலத்தைத் தீட்டியவர்தான் போஹுமில். மாவட்ட நடையர் சங்கத்தின் தொண்டர். சம்பளம் கிடையாது. ஆண்டுக்கு ஒரு மதியச் சாப்பாடு, பத்தாண்டுக்கு ஒரு பதக்கம். மரம் அறுக்கும் ஆலையில் அடிமரம் அளப்பவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1994-இல் அவருடைய மனைவி ப்ளாஜெனா ஒரு பல் மருத்துவருடன் பில்சன் நகரத்துக்குப் போய்விட்டார். அந்தச் சாலையில் அடையாளம் எதுவும் இல்லாததாலோ என்னவோ, போஹுமில் பின்தொடரவில்லை.

"போனவ போனவதான். திரும்பிப் பாத்தா கழுத்துதான் வலிக்கும்" என்று மதுக்கடையில் ஒருமுறை சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கல்யாணப் படம் மாட்டியிருந்த ஆணியில் சங்கம் கொடுத்த அட்டையை மாட்டினார். 'நீலப்பாதை, யெட்லோவா முதல் பசேகி வரை. பொறுப்பு: போ. வோந்த்ரா, லு. ஹாஸ்.' அந்த அட்டைதான் அவருடைய குடும்பம், சொத்து, மதம் எல்லாம்.

லு. ஹாஸ் என்பவர் லுபோர். பசேகி பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டு புவியியல் வாத்தியார். சட்டப்புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர். இது வர்ணனை அல்ல, சங்கத்தின் விதிப்புத்தகம் உண்மையிலேயே அந்தப் பையில் இருந்தது. இவர்கள் இருவரும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில், யெட்லோவாவில் கிளம்பிப் பாதை முழுவதும் புது வண்ணம் தீட்டிக்கொண்டே பசேகிக்குப் போவார்கள்.

அவர்கள் வேலை பார்த்த விதத்தைக் கவனிக்கவேண்டும். அடையாளம் இரண்டு திசையிலும் தெரியவேண்டும்: போகிறவனுக்கு ஒன்று, வருகிறவனுக்கு ஒன்று. ஆகவே போஹுமில் முன்னோக்கி நடந்து, போகிறவன் பார்க்கும் பக்கத்தில் தீட்டுவார். லுபோர் ஒவ்வொரு மரத்தையும் தாண்டிப்போய், திரும்பி நின்று, வருகிறவன் பார்க்கும் பக்கத்தில் தீட்டுவார். ஒருவர் கண்ணில் படுவது எப்போதும் இனி வரப்போகும் காடு. மற்றவர் கண்ணில் படுவது எப்போதும் கடந்துவந்த காடு. பசேகி வந்ததும் ஆளுக்கு இரண்டு குவளை பீர். பிறகு போஹுமில் பேருந்தில் ஏறி, மலையைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்புவார். இப்படி இருபத்தேழு ஆண்டு. அந்த இருபத்தேழு ஆண்டில் போஹுமில் தன் பாதையை மறுபக்கத்திலிருந்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லை. அதற்குத்தான் லுபோர் இருந்தாரே.

2007 சனவரியில் பெரும்புயல் வந்தது. டெட்ரேவின் மேற்குச் சரிவில் மரங்களெல்லாம் தீப்பெட்டியைக் கொட்டியதுபோல விழுந்தன. விழாதவற்றைப் பட்டை வண்டு தின்றது. அடுத்த ஆண்டு மே மாதம் இவர்கள் இருவரும் வண்ணப்பெட்டியோடு மேலே போனபோது உச்சியில் பச்சை இல்லை. ஆயிரக்கணக்கான மரங்கள் செத்து, சாம்பல் நிறத்தில், நின்ற இடத்திலேயே நின்றன. உச்சிக்குச் சற்றுக் கீழே பாதை இடப்பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு பெரிய மரம் உண்டு. அதுவும் செத்திருந்தது. போஹுமில் வழக்கம்போல அதில் வெள்ளைக்கோட்டைப் போட ஆரம்பித்தார்.

"நிறுத்து. அது செத்த மரம்" என்றார் லுபோர்.

"நிக்குதுல்ல?"

"நிக்கறதெல்லாம் உயிரோட இருக்குன்னு அர்த்தம் இல்ல. விதி பதினாலு. அடையாளம் உயிருள்ள தாங்கி மேல இருக்கணும், இல்லன்னா நட்ட கம்பத்து மேல இருக்கணும்."

"தாங்கின்னா என்னய்யா? மரம்தானே? மரம்னு எழுதிட்டுப் போகவேண்டியதுதானே?"

"தாங்கின்னுதான் எழுதியிருக்கு."

"சரி, சுத்திப் பாரு. உயிரோட ஒரு தாங்கிய நீ காட்டு, நான் அதுலயே போடறேன்."

லுபோர் சுற்றிப் பார்த்தார். காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"செத்தவன்கிட்ட போய் வழி கேப்பியா நீ?"

"உயிரோட இருக்கறவன் மட்டும் சரியாக் காட்டிடறானாக்கும்? உன் ரெண்டு பசங்களுக்கும் நீதானே வழி காட்டின? எங்க இருக்கானுங்க? கனடாவுல. ஒரு கடுதாசி உண்டா?"

சொல்லிமுடித்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று போஹுமிலுக்கே தெரிந்தது. லுபோர் தூரிகையைத் துடைத்தார். டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்கார்ந்ததா என்று அழுத்திப் பார்த்தார். பிறகு பாறைகள் வழியே தனியாகப் பசேகிக்கு இறங்கிப்போனார். போஹுமில் செத்த மரத்தில் மூன்று கோட்டையும் முடித்து, மிச்சப் பாதையிலும் தன் பக்கத்தை முடித்துவிட்டு, அன்று பீர் குடிக்காமல் பேருந்து ஏறினார்.

மூன்று ஆண்டு பேச்சு இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். அதற்கு டெட்ரேவ் மிக வசதியான மலை.

2011 மே. மறுபடி வண்ணம் தீட்டும் முறை வந்தது. போஹுமில் இரண்டு பேருக்கு வேண்டிய தூரிகையும் ஊறுகாய்த் தொத்திறைச்சியும் எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றார். முதல் பேருந்து வந்தது, லுபோர் இல்லை. இரண்டாவது வந்தது. ஓட்டுநர், "யாருக்கு நிக்கற போஹுஷ்?" என்று கேட்டார். "யாருக்கும் இல்ல, காத்து வாங்கறேன்" என்றார். பத்து மணிக்குத் தனியாக மலையேறினார். நான்கு நாள் உழைத்தார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அடையாளம். ஒவ்வொன்றும் அளவெடுத்த மாதிரி. அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்ததில்லை.

எல்லாம் ஒரே பக்கத்தில்.

இதில் யாரும் சிரிக்கக்கூடாது. அவர் சோம்பலால் விடவில்லை. வேலையில் பாதி என்பதே அவர் நினைவில் இல்லை. தன் பங்கை முழுவதாகச் செய்தார், அவ்வளவுதான். மறுபக்கத்தில் இருந்தவை, அந்தத் திருப்பம்வரை மூன்று ஆண்டுக்கும் அதற்கப்பால் ஆறு ஆண்டுக்கும் முந்தைய லுபோரின் அடையாளங்கள். அவற்றைப் பனியும் பாசியும் தின்றிருந்தன. மேலே செத்த மரங்கள் பட்டையை உரித்துப் போட்டபோது அடையாளமும் பட்டையோடு போயிருந்தது.

சூனில் விடுமுறைக்காரர்கள் வந்தார்கள். யெட்லோவாவில் காரை நிறுத்தினார்கள். உச்சிக்குப் போய், தகரப்பெட்டியில் இருக்கும் முத்திரையை எடுத்து நோட்டில் குத்திக்கொண்டார்கள். வந்த வழியே திரும்பலாம் என்று திரும்பினால் அடையாளம் இல்லை. எதிர்த்திசையில் மட்டும் நீலம் பளிச்சென்று கூப்பிட்டது. அதன் பின்னாலேயே பசேகிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து எங்கள் ஊருக்குப் பேருந்தில் இரண்டு மணி நாற்பது நிமிடம், அதுவும் நாளைக்கு இரண்டே முறை. பசேகி மதுக்கடைக்காரன் ஆகஸ்டுக்குள் மாடியில் நான்கு அறை எடுத்துக் கட்டிவிட்டான்.

எங்கள் ஊர் மதுக்கடை யார்மிலாவுடையது. கைகள் பெரியவை, குரல் அதைவிடப் பெரியது. ஆகஸ்டு முதல் வாரத்தில் போஹுமில் உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்தாள்.

"வாய்யா வா. உன் மலை ஆள முழுங்குது, தெரியுமா?"

"என்ன உளர்ற?"

"காலையில நாப்பது பேருக்கு முட்டையும் ரொட்டியும் போட்டேன். சாயங்காலத்துக்குன்னு நாப்பது பேருக்குப் பூண்டு சூப் காய்ச்சினேன். வந்தது ஒரே ஒரு ஆளு. அவனும் தபால்காரன்."

"அடையாளமெல்லாம் பளிச்சுனு இருக்கு. நானே போட்டேன்."

"போறதுக்கு பளிச்சுனுதான் இருக்கு. எனக்குப் போறவன் வேணாம் போஹுஷ். போறவன் ஒரு காபி குடிச்சிட்டுப் போயிடுவான். வர்றவன்தான் திம்பான்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். யார்மிலா சிரிக்கவில்லை. தலைநகர் பிராகாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் முந்தினநாள் உச்சியிலிருந்து அவளுக்குத் தொலைபேசியில் பேசியதைச் சொன்னாள். "நான் சொல்றேன், எங்க ஊர்க் கோபுரம் தெரியுதான்னு. 'நல்லாத் தெரியுதுங்க, கடிகாரத்துல மணிகூடத் தெரியுது'ங்கறான். அப்ப அதப் பாத்து நடந்து வாங்கன்னேன். 'எப்படிங்க வர்றது, அடையாளம் இல்லீங்களே'ங்கறான். பொண்டாட்டி பக்கத்துல நின்னு, 'அந்தம்மா நம்மள சாகடிக்கப் பாக்குது'ன்னு கத்தறா."

போஹுமில் குவளையை வைத்துவிட்டு எழுந்தார். ஊர் எல்லையில் இருக்கும் முதல் மரத்துக்குப் போனார். அதைத் தாண்டினார். திரும்பிப் பார்த்தார். பாசி. அடுத்த மரத்துக்குப் போய்த் திரும்பினார். பாசி. கடைச் சன்னல் வழியாக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு திரும்பிவந்து உட்கார்ந்து, கணக்கு வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டவர்போல, "மரத்துக்குப் பின்பக்கம்னு ஒண்ணு இருக்கறது எனக்குத் தெரியாதா என்ன" என்றார்.

இதற்குள் சங்கத்துக்குப் புகார்கள் போயிருந்தன. மாவட்டச் செயலாளர் ராட்கா, இளம் பொறியாளர், கடிதம் எழுதினார். செப்டம்பர் இருபத்துநான்காம் தேதி தாமே வந்து பசேகியிலிருந்து யெட்லோவாவுக்கு, அடையாளத்தை மட்டுமே நம்பி நடந்துபார்க்கப்போவதாகவும், ஓர் இடத்தில் வழி அறுந்தாலும் பாதைப் பொறுப்பு பில்சனில் உள்ள ஒரு மாணவருக்கு மாற்றப்படும் என்றும், அந்த மாணவர் தொலைதூர ஓட்டப்பந்தய வீரர் என்றும் மரியாதையாகக் குறிப்பிட்டிருந்தார். போஹுமில் அந்தக் கடிதத்தை ஆணியில் மாட்டியிருந்த அட்டைக்குக் கீழே குத்திவைத்தார். மனைவி போன பில்சனின் பெயர் அந்த வீட்டுக்குள் வந்தது இது இரண்டாம் முறை.

மறுபக்கத்தைத் தானே தீட்டிவிடுவது என்று முடிவுசெய்தார். யெட்லோவாவிலிருந்து பின்னோக்கி நடந்தால் கழுத்து ஒத்துழைக்காது. ஆகவே செப்டம்பர் பதினைந்தாம் தேதிக் காலையில் வண்ணப்பெட்டியோடு பேருந்தேறிப் பசேகியில் இறங்கினார். அந்த முனையிலிருந்து மலையேறுவது அவர் வாழ்க்கையில் அதுவே முதல்முறை.

முதல் ஒரு கிலோமீட்டர் சரியாகப் போனது. பிறகு பாறைகள் தொடங்கின. பனிமூட்டமும் இறங்கியது. அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். எதிரே சுவர். அவருக்குத் தெரிந்த டெட்ரேவ் மாடு அங்கே இல்லவே இல்லை. வரிசையில் முன்னால் நிற்பவரின் பிடரியை மட்டும் இருபத்தேழு ஆண்டு பார்த்துப் பழகியவர், அந்த ஆள் சட்டென்று திரும்பினால் "நீங்க யாருங்க?" என்று கேட்பாரே, அப்படி ஆயிற்று. ஓடை தவறான பக்கத்தில் ஓடியது. பாறைகள் வேறு முகம் காட்டின. அறுத்த மரத்தின் குறுக்குவெட்டைப் பார்த்தே வயதைச் சொல்லக்கூடியவர், தானே தீட்டிய மரங்களை அடையாளம் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார்.

மதியம் ஒருவழியாக உச்சியைத் தாண்டி, பாதை திரும்பும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அது அந்த இடம்தான் என்பதே அங்கே கிடந்த மரத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. பெரிய செத்த மரம் வேரோடு விழுந்துகிடந்தது. அவர் மே மாதத்தில் போட்ட நீலம் வானத்தைப் பார்த்து, மேகங்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி, கூட்டம் கூட்டமாக, முழங்கால் உயரத்துக்குப் புதுக் கன்றுகள் முளைத்திருந்தன. யாரும் நடாதவை. ஒன்றும் இன்னும் அடையாளம் தாங்கும் வயதுக்கு வரவில்லை.

போஹுமில் விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்தார். இனி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அடையாளம் இல்லாமல் ஒரு அடி எடுத்துவைப்பவர் அல்ல அவர். அடையாளம் போடவேண்டியவரே அடையாளத்துக்காகக் காத்திருந்தார்.

"வலப்பக்கம்" என்றது ஒரு குரல்.

பனிக்குள்ளிருந்து லுபோர் வந்தார். கையில் தடி, முதுகில் பை. சட்டைப்பையில் புத்தகம்.

"எப்ப வந்த?" என்றார் போஹுமில்.

"நீ பஸ்ஸ விட்டு எறங்கினதுலேர்ந்து பின்னாலயேதான் வர்றேன். எரநூறு அடி தள்ளி. மூணு தடவ தப்பாப் போன. ஒரு பாறைய ரெண்டு சுத்து சுத்தின. டெலிவிஷன்ல இவ்ளோ நல்லா எதுவும் போடறதில்ல."

"நீ பின்னால வர்றத நான் பாக்கவே இல்லையே."

"நீ என்னைக்குடா பின்னால பாத்த?"

போஹுமில் தூரிகையைக் கையில் உருட்டினார். "வலப்பக்கமா? எடப்பக்கம்தானே திரும்பணும் இங்க?"

"போகும்போது எடப்பக்கம். வரும்போது வலப்பக்கம். இதுக்குத்தான் முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்குடுத்தேன்."

இருவரும் அந்த மரத்தைப் பார்த்தார்கள்.

"விழுந்திருச்சு" என்றார் போஹுமில்.

"தெரியுது."

"நீ சொன்னதுதான் சரி."

"விதி பதினாலு."

"லுபோர், அன்னைக்குக் கனடாவ இழுத்துப் பேசினேனே..."

"அது எந்த விதியிலயும் வராது. விடு." லுபோரும் மரத்தின்மேல் உட்கார்ந்தார். "சின்னவன் கிறிஸ்துமசுக்கு வர்றானாம். விமான நிலையத்துக்கு வரட்டுமான்னு கேட்டேன். வேணாம்பா, வழி தெரியும்னுட்டான்." பிறகு பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "தொத்திறைச்சி இருக்கா?"

"ரெண்டு பேருக்கு இருக்கு."

அன்றும் அடுத்த இரண்டு நாளும் பனிமூட்டத்துக்குள்ளேயே வேலை நடந்தது. லுபோர் தீட்டவில்லை. "உன் மலையோட மறுபாதிய நீயே போடு" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நின்று மேய்த்தார். எல்லா இடத்திலும் மரம் கிடைத்தது, அந்தத் திருப்பம் ஒன்றைத் தவிர. அங்கே உயிருள்ள மரம் இல்லை. கம்பம் நடலாம், ஆனால் உச்சி பாதுகாக்கப்பட்ட பகுதி, குழி தோண்ட வன அலுவலகத்தில் படிவம் கொடுக்கவேண்டும். பதில் வர ஆறு வாரம். இருந்தது ஏழு நாள்.

யார்மிலா கடையில் நாங்கள் பலவிதமாக யோசனை சொன்னோம். கயிற்றில் தொங்கவிடலாம் என்றான் ஒருவன். ராத்திரியோடு ராத்திரியாகக் குழி தோண்டலாம் என்றான் இன்னொருவன். போஹுமில் எதையும் கேட்கவில்லை. அதற்குள் பில்சன்காரன் தன் பாதையில் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். லுபோர் மட்டும் விதிப்புத்தகத்தை எடுத்து, பதினாலாம் விதியை மெதுவாக, உதடசைத்து, இரண்டுமுறை படித்தார். பிறகு யார்மிலாவிடம் இரண்டு பலகைத்துண்டும் கொஞ்சம் சரடும் கேட்டார்.

இருபத்துநான்காம் தேதி காலை ஒன்பது மணிக்கு அந்தத் திருப்பத்தில் இரண்டு கிழவர்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். கழுத்தில் தொங்கிய பலகை நடப்பவரின் கண்மட்டத்துக்கு வரவேண்டும். எங்கள் ஊரில் யாரும் அவ்வளவு உயரமில்லை, ஆகவே இருவரும் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றார்கள். பலகையில் வெள்ளை, நீலம், வெள்ளை. பசேகியிலிருந்து வருகிறவருக்காக லுபோர் பசேகியைப் பார்த்து. யெட்லோவாவிலிருந்து வருகிறவருக்காகப் போஹுமில் யெட்லோவாவைப் பார்த்து. அதுதானே முறை. அன்று பனி இல்லை.

"லுபோர்."

"என்ன?"

"அந்தச் சதுப்புக்கு அந்தாண்ட வெள்ளையாத் தெரியுதே, அது என்ன?"

"எது? கோபுரத்துக்கு எடப்பக்கமா?"

"ஆமா. சின்னதா. ஒரு பக்கம் கூர இறங்கியிருக்கு."

"நான் அந்தப் பக்கம் பாக்கல. ஆனா இருபத்தேழு வருஷமாப் பாத்திருக்கேன். அது உன் வீடுடா."

போஹுமில் கழுத்தை முன்னே நீட்டிப் பார்த்தார். முதுகு அசைந்தது.

"ஆடாத" என்றார் லுபோர். "நாம மரம்."

"கூரையில ஓடு ரெண்டு போயிருக்கு."

"அது தொண்ணூத்தாறுலயே போச்சு. சொல்லலாம்னுதான் நெனச்சேன். நீதான் எதையும் கேக்க மாட்டியே."

பதினொன்றரைக்கு ராட்கா வந்தார். கையில் அட்டையும் அளவுநாடாவும். பாறைகளை ஏறிவந்த மூச்சிரைப்போடு கல்லின்முன் நின்றார்.

"அஹோய்... ஐயா, நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"அடையாளமா இருக்கோம், இஞ்சினியரம்மா" என்றார் லுபோர், முகத்தைத் திருப்பாமல்.

"பேசாதய்யா, மரம் பேசுமா?" என்றது மறுபக்கம்.

"கம்பம் எங்க?"

"படிவம் குடுத்திருக்கு. நவம்பர் வரைக்கும் விதி பதினாலு, முதல் வரி. படிச்சுப் பாருங்க."

ராட்கா தன் பையிலிருந்து தன்னுடைய விதிப்புத்தகத்தை எடுத்தார். படித்தார். இரண்டு பேரையும் பார்த்தார். மறுபடி படித்தார். எங்கள் நாட்டுப் பொறியாளர்களிடம் உள்ள பெருமைக்குரிய குணம் இது: எழுதியிருப்பது எவ்வளவு கோணலாக இருந்தாலும் அதை மதிப்பார்கள். லுபோரின் பலகையை நாடாவால் அளந்தார். சுற்றிவந்து போஹுமிலின் பலகையை அளந்தார். பிறகு, மரம் உறுதியா என்று பார்ப்பதுபோலப் போஹுமிலின் தோளை இரண்டு தட்டுத் தட்டினார். போஹுமில் அசையவில்லை. அட்டையில் குனிந்து எழுதினார். அந்த அறிக்கையின் நகல் இப்போது யார்மிலா கடைச் சுவரில் இருக்கிறது:

'திருப்பம். அடையாளம் இரு திசையிலும் தெளிவு. தாங்கி: உயிருள்ளது, இரட்டைத் தண்டு. முதிர்ந்தது. தெற்கே சற்றுச் சாய்ந்துள்ளது. நவம்பருக்குள் கம்பம் நடவும். பாதைப் பொறுப்பில் மாற்றம் இல்லை.'

வலப்பக்கம் திரும்பி அவர் யெட்லோவாவுக்கு இறங்கினார். இவர்கள் உடனே கல்லைவிட்டு இறங்கவில்லை. பின்னால் வேறு நடையர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை நட்டாற்றில் விடமுடியாது. மாலைவரை நின்றார்கள். வந்தவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. பலகையைப் பார்த்தார்கள், "அஹோய்" என்றார்கள், திரும்பவேண்டிய பக்கம் திரும்பினார்கள். அன்று யார்மிலாவின் பூண்டு சூப் தீர்ந்துபோனது.

கடைசியில் இவர்களும் எங்கள் பக்கமாக இறங்கினார்கள். எட்டு கிலோமீட்டர் மாட்டின் முதுகில் மூன்று மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு மரத்தைத் தாண்டியதும் போஹுமில் நின்றார். திரும்பினார். மே மாதத்தில் தான் போட்ட நீலத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த மரம்.

"கழுத்து வலிக்கலையா உனக்கு?" என்றார் லுபோர்.

"வலிக்குது" என்றார் போஹுமில், அடுத்த மரத்தைத் தாண்டி நின்று திரும்பியபடி.